கொக்குக்குக் கோதுமை ஒத்துக்காது

பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருக்கத்தான் செய்கிறது. சம்பளச் சீட்டில் மட்டும் அது எட்டிப் பார்க்கும். மற்றபடி வேலையிடத்தில் அவன் கொக்கு. நெட்டை உடம்பு, குச்சிக் கால், நீண்ட கழுத்து. போதாக்குறைக்கு டவர் கிரேன் ஓட்டுகிற வேலை. கட்டடம் எழும்புகிற இடத்தில் எல்லார் தலைக்கும் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கழுத்தைச் சாய்த்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவனும் கோபித்துக்கொண்டதில்லை. வீட்டுக்காரியே சில நாள் வாய் தவறிக் கொக்கு என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

வேலையில் ஆள் கெட்டிக்காரன். கட்டுக்கட்டாகக் கம்பியைத் தூக்கிக்கொண்டுபோய், மேசையில் தம்ளர் வைக்கிற மாதிரி சத்தமில்லாமல் வைப்பான். "கொக்கு மேல இருக்கானா? அப்ப நான் நிம்மதியா டீ குடிப்பேன்" என்று மேஸ்திரியே சொல்வார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அவன் தினமும் அத்தனை ஏணிப்படி ஏறினான் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கூண்டுதான் அவனுக்கு எல்லாம். அதிலிருந்துதான் அவனைக் கீழே இறக்கினார்கள்.

காரணம் வயிறு. சாப்பிட்டால் உப்பும், கலக்கும், ஓட வைக்கும். தரையில் வேலை செய்கிறவனுக்கே அது பெரும்பாடு. உச்சியில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கே ஓடுவது? பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். வாயு என்றார்கள், அல்சர் என்றார்கள், கண்ட நேரத்தில் சாப்பிடுகிறாய் என்றார்கள், மனக்கவலை என்றார்கள். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஏற்கெனவே சதை கிடையாது, அதிலும் பாதி போய்விட்டது. உடம்பில் ரத்தமும் இல்லை. கடைசியில் ஒருநாள் ஏணியில் பாதி ஏறும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். பாதுகாப்பு அதிகாரி கீழிருந்து அதைப் பார்த்துவிட்டார். அன்றோடு சரி.

வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலில் ஒரு கிள்ளு சதையை எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். குடல் டாக்டரம்மா பொறுமைசாலி. படமே வரைந்து காட்டினார்.

"இதுக்குப் பேரு சீலியாக். கோதுமையில ஒரு பசைப் பொருள் இருக்கு. அது உள்ள போனா, உங்க உடம்பு உங்க குடலையே எதிரின்னு நினைச்சு அடிக்குது. சத்தை உறிஞ்சுற இடமெல்லாம் மழுங்கிப் போயிருக்கு. அதான் எதைத் தின்னாலும் ஒட்டலை."

"மருந்து என்னங்க டாக்டர்?"

"மருந்தே கிடையாது. கோதுமை, மைதா, ரவை, பார்லி, இது எதுவும் ஆயுசுக்கும் வாயில படக் கூடாது. கரண்டியில ஒட்டியிருந்தாக்கூட ஆகாது. அப்படி இருந்தா குடல் தானா தேறும்."

"எப்பத் தேறும்?"

"நிதானமாத்தான் தேறும். வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். ரத்தத்துல ஒரு அளவு பார்ப்போம். ஒவ்வொரு தடவையும் அது இறங்கிட்டே வரணும். அது இறங்கினாத்தான் நீங்க ஏறலாம்."

இந்தக் கடைசி வார்த்தை கொக்குக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அது இறங்கினால் நான் ஏறலாம். அவ்வளவுதானே? ரொட்டிதானே, போனால் போகிறது! வீட்டுக்கு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு, "அக்கா, எனக்குக் கோதுமை ஒத்துக்காதாம்" என்றான்.

அட, வேறு எப்படித்தான் சொல்வான்! ஆனால் இந்த ஒத்துக்காது என்கிற சொல் நம்மிடம் படுகிற பாடு கொஞ்சமா நஞ்சமா? அவன் மனைவிக்கு ஏசிக் காற்று ஒத்துக்காது. அவள் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் பூரா ஏசிக்கு நேர் கீழேதான் நிற்கிறாள். அக்காவுக்கு எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்காது. நாலு தின்று முடித்துவிட்டுத்தான் அதையும் சொல்வாள். மேஸ்திரிக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒத்துக்காது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மழை ஒத்துக்காது, பாதிப் பேருக்கு மாமியார் ஒத்துக்காது. இத்தனையும் ஒத்துக்கொள்ளாமலேதான் உலகம் நடக்கிறது. டாக்டரம்மா ஆயுசுக்கும் என்று சொன்ன வியாதி, வாசல்படி தாண்டும்போது ஏசிக் காற்று அளவுக்குச் சுருங்கிவிட்டது.

அக்கா அவனுக்கு ஒன்பது வயது மூத்தவள். புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். மனைவி காலையிலேயே கடைக்குக் கிளம்பிவிடுவதால் சமையல்கட்டு அக்காவின் ராஜ்ஜியம். விஷயம் தெரிந்ததும், "இனிமே உன் சாப்பாடு என் பொறுப்புடா" என்றாள். சொன்னதோடு நிற்கவில்லை. அவனுக்கென்று புதுப் பானை, புதுக் கரண்டி, தனித் தட்டு எல்லாம் வந்தன. கொக்கின் மனைவி அந்தக் கரண்டியைத் தெரியாமல் தொட்டுவிட்டால் போதும், "ஏம்மா, அது அவனோடதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று வீடே அதிரும். தினமும் காலையில் அரிசியும் பருப்பும் வறுத்து அரைத்த கஞ்சி ஒரு பிளாஸ்க் நிறையத் தயாராக இருக்கும். சூடு ஆறாமல் இருக்க அதைத் துணியில் சுற்றிக் கொடுப்பாள். அக்கா இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று கொக்கு எத்தனையோ தடவை நினைத்து உருகியிருக்கிறான்.

வேலையிடத்தில் இப்போது அவனுக்குக் கீழ்வேலை. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, ரேடியோவில் மேலே இருப்பவருக்கு வழி சொல்ல வேண்டும். மேலே இருப்பவருக்கு அங்கே கட்டை என்று பெயர். ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் கிடந்தவரைத் தற்காலிகம் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார்கள். குள்ளமான மனுஷர். வந்த அன்றைக்கே கொக்கின் இருக்கையை முன்னால் தள்ளி, உயரத்தைக் கூட்டி, முதுகுக்கு ஒரு தலையணையும் வைத்துக்கொண்டார்.

"தம்பி, இந்த சீட்டுல நீ எப்படிப்பா உட்கார்ந்தே? கட்டில் மாதிரி போட்டு வச்சிருந்தியே" என்று ரேடியோவில் கேட்டார். கீழே இருந்தவர்கள் எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். கொக்கும் சிரித்தான். சிரித்துவிட்டு, கண்டெயினர் அறைக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். தற்காலிகம்தானே, தற்காலிகம்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

முதல் தடவை ரத்தம் பார்த்தபோது அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. கொக்குக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் தடவை அது இருந்த இடத்திலேயே நின்றது. "சில பேருக்கு லேட்டாகும்" என்றார் டாக்டரம்மா. அவனும் பொறுத்துக்கொண்டான். ஆனால் உடம்பு சொன்ன கதை வேறு. நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் பழையபடி வயிற்றைப் புரட்டும். கால் விரல்கள் மரத்துப்போகும். தூங்கி எழுந்தால் மூட்டை சுமந்த மாதிரி அலுப்பு. "இன்னுமா சரியாகலை?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சில பேர் கேட்பதையும் விட்டுவிட்டு, ஒரு பார்வை மட்டும் பார்த்தார்கள். கீழ்வேலை சுகமாக இருக்கிறதோ என்னவோ என்கிற பார்வை அது.

மூன்றாம் தடவை அளவு ஏறிவிட்டது.

டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு அவனை நேராகப் பார்த்தார்.

"நான் திட்டலை. ஆனா மறைக்காதீங்க. வெளியில எதாவது சாப்பிடுறீங்கதானே? ஒரு ரொட்டி, ஒரு பிஸ்கட்? ஒத்துக்கோங்க. ஒத்துக்கிட்டாத்தான் நான் மேல யோசிக்க முடியும்."

"இல்லங்க டாக்டர். சத்தியமா இல்ல."

"அப்படின்னா இது சாப்பாட்டுக்கு மடங்காத வகையா இருக்கணும். திரும்பவும் குழாய் விட்டுப் பார்க்கணும். கடுமையான மாத்திரை ஆரம்பிக்கணும். அந்த மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு உயரத்துக்குப் போறதை மறந்துடுங்க."

கொக்கு பக்கத்தில் இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தான். நீயாவது சொல்லேன், நான் எப்படிக் கட்டுப்பாடாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாதா என்று கெஞ்சுகிற பார்வை. அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

அன்றிலிருந்து கொக்கு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரிந்தான். எங்கிருந்தோ கோதுமை உள்ளே வருகிறது, எங்கிருந்து? கேன்டீன்காரரிடம் போய், "ரொட்டி தொட்ட கையோட என் தம்ளரைக் கழுவுறீங்களா?" என்று சண்டை போட்டான். அவர், "தம்பி, நீ உன் தம்ளரைக் கொண்டு வந்துக்கோ, என் மானத்தை வாங்காதே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பற்பசையைக்கூடச் சந்தேகப்பட்டான். உலகத்தில் எல்லாரையும், எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவனுக்குத் துணியில் சுற்றிய அந்த பிளாஸ்க்கை மட்டும் சந்தேகப்படத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி டீயில் பிஸ்கட் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். மேசையில் தூள் சிந்தியிருந்தது. அக்கா சந்தைக்குப் போயிருந்தாள். கொக்குக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ!

"உனக்கு அறிவிருக்கா? நான் இங்க ஒரு பருக்கைக்குப் பயந்து சாகிறேன். நீ மேசை பூரா கொட்டி வச்சிருக்கே. என்னைக் கொல்லணும்னே இருக்கியா? உன்னாலதான் எனக்கு இறங்கலை. உன்னாலதான் அந்தக் கட்டை என் சீட்டுல உட்கார்ந்திருக்கான்!"

அவள் பிஸ்கட்டை அப்படியே கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னாலயா? நான் பிஸ்கட் தின்னா உங்களுக்கு ஏறுதா? தினம் குடிக்கிறீங்களே கஞ்சி, அதுல என்ன இருக்குன்னு உங்க அக்காவைக் கேளுங்க. என்கிட்ட வந்து எகிறாதீங்க!"

சொன்ன மறு நொடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொன்னது சொன்னதுதான். கொக்குக்கு முதலில் காதில் எதுவும் ஏறவில்லை. அப்புறம் மெதுவாக ஏறியது.

"கஞ்சியில என்ன இருக்கு?"

அவள் அழ ஆரம்பித்தாள். வறுத்த கோதுமை மாவு. அக்கா தினம் ஒரு கரண்டி கலக்கிறாள். முதலில் அரைக் கரண்டி, அப்புறம் ஒரு கரண்டி.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது ரத்தம் எடுத்தோமே, அதுக்கு முன்னாடி. நான் பார்த்துட்டு, இப்படிப் பண்ணாதீங்கண்ணி, நிறுத்திடுங்கன்னு சொன்னேன். நிறுத்திட்டேன்னாங்க. நான் நம்பினேன்."

"மூணாவது தடவை ஏறினப்போ?"

அவள் மேசையில் சிந்திய தூளைக் கையால் கூட்டினாள்.

"டாக்டர் என்னைத் திருடன் மாதிரி கேட்டாங்களே, ஒத்துக்கோ ஒத்துக்கோன்னு. நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே?"

"சொன்னா வீடு ரெண்டாயிடும்ங்க. உங்க அக்காவைப் பத்தி நான் சொன்னா, நீங்க என்னை நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டான். அது அவனுக்கே தெரியும். தெரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை. முதுகில் குத்தியவள் ஒருத்தி. குத்துவதைப் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவள் இன்னொருத்தி. இரண்டில் எது பெரிது என்று அவனால் சொல்ல முடியவில்லை. யாரோ எவரோ செய்திருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

அக்கா சந்தையிலிருந்து பையோடு வந்தாள். கொக்கு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். கேட்டான். அவள் மறைக்கவே இல்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஆமாடா, போட்டேன். விஷமா போட்டேன்? கோதுமை போட்டேன். நீ நாளுக்கு நாள் எலும்பும் தோலுமா ஆகிட்டு வர்றதை நான் கண்ணால பார்த்துட்டுச் சும்மா இருக்கணுமா? சின்ன வயசுல உனக்குப் பால் ஒத்துக்கலை. குடிச்சா கக்குவே. நான்தானே துளித் துளியா ஊத்திப் பழக்கினேன்? அப்புறம் சொம்பு சொம்பாக் குடிக்கலையா நீ?"

"அது வேற, இது வேற அக்கா. இது உள்ள குடலை அரிக்குது."

"எல்லாம் முதல்ல அப்படித்தான் இருக்கும். விட்டுக் கொடுக்காம கொடுத்துட்டே வந்தா உடம்பு வழிக்கு வந்துரும். எனக்கு எதுடா ஒத்துக்கிச்சு? பதினெட்டு வயசுல போன வீடு ஒத்துக்கிச்சா? அந்த மனுஷன் ஒத்துக்கிட்டாரா? அங்க தின்ன சோறு ஒத்துக்கிச்சா? நான் பழகிக்கலையா? இதோ உன் வீட்டுல வந்து அடுப்படியில நிக்கிறேனே, இதுக்கும் பழகிக்கலையா?"

இப்படி ஒரு பதில் வரும் என்று கொக்கு கனவிலும் நினைக்கவில்லை. அவளுக்காகப் பரிதாபப்பட வேண்டுமா, அவளைக் கேள்வி கேட்க வேண்டுமா என்று தெரியாமல் நின்றான். ஆனாலும் கேட்டான்.

"அதெல்லாம் சரிக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நிறுத்திட்டேன்னு இவகிட்ட ஏன் பொய் சொன்னே?"

"சொன்னா நீ குடிப்பியா?" என்றாள் அக்கா. அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

விஷயம் சொந்தக்காரர்களுக்குப் போனது. அக்காவே ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அழுதிருக்கிறாள். வரிசையாகப் போன் வந்தது. பாசத்தில் செய்ததை யாராவது குற்றம் சொல்வார்களா, தாய் மாதிரி பார்த்துக்கொண்டவளை இப்படியா நோகடிப்பது, அவள் கை பட்டுத்தானே நீ ஆளானாய். சித்தப்பா ஒருவர், "கொன்னுபுட்டாளா என்ன? ஒரு கரண்டி மாவுதானடா" என்று சிரித்தார். குடல் யாருக்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அக்காவின் கண்ணீர் எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு வாரத்துக்குள் குற்றவாளி யார் என்பதே மாறிப்போய், கொக்கு தலைகுனிந்து நடக்க வேண்டியதாயிற்று.

அவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அக்காவைப் போ என்று சொல்லவும் முடியாது. அவளுக்குப் போக இடமில்லை. டாக்டரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர், "நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுக்கோங்க" என்றார். இந்த விஷயத்தில் அவனிடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மாத்திரையைத் தள்ளிப் போட்டார்.

ஒற்றை அடுப்பு ஒன்றும் ஒரு பானையும் வாங்கி வந்து, படுக்கையறைப் பால்கனியில் வைத்தான். அரிசியையும் பருப்பையும் இரும்பு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான். சாவி இடுப்பில். சமைக்கத் தெரியாது. குழைந்தது, கருகியது, உப்பில்லாமல் போனது. நாக்குச் செத்துப் போயிற்று. மனைவி ஒருநாள் கதவருகே நின்று, "நான் வச்சுத் தரேன், பக்கத்துல நின்னு பார்த்துக்கோங்க" என்றாள். கெஞ்சலாகத்தான் சொன்னாள். "வேண்டாம்" என்றான். அவள் கொடுத்த தண்ணீரைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான். அப்படிப் பார்ப்பதை அவள் பார்த்தாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர்கள்.

உடம்பு நிதானமாகத்தான் தேறியது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே. முதலில் வயிறு அடங்கியது. ரொம்ப நாள் கழித்துக் கால் விரல்களில் உணர்ச்சி வந்தது. கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஒருநாள் மேஸ்திரி நிறுத்திவைத்து, "என்ன கொக்கு, ஆள் பளபளப்பா இருக்கே?" என்றார். ரத்தத்தில் அளவு இறங்கியது, அடுத்த தடவை இன்னும் இறங்கியது. அதற்கும் அடுத்த தடவை டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"போங்க. போய் ஏறுங்க."

கட்டை அன்றைக்கே தலையணையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். "எனக்கும் முட்டி வலிப்பா, நல்ல வேளை வந்தே" என்று தோளில் தட்டினார். மறுநாள் காலையிலிருந்து கூண்டு மறுபடி கொக்குக்கு. வீட்டுக்கு நடந்து வரும்போது, வழியெல்லாம் அவன் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று துடித்தான். சந்தோஷம் வந்தால் சொல்வதற்கு அவனுக்கு இருந்த ஆட்கள் அந்த இரண்டு பேர்தான். கோபத்தையெல்லாம் தாண்டிக்கொண்டு மனசு அங்கேதான் ஓடியது.

"இறங்கிடுச்சு. நாளைக்கு மேல ஏறுறேன்" என்றான் கூடத்தில் நின்று.

மனைவி சட்டென்று எழுந்தாள், கிட்டே வரப் பார்த்தாள், தயங்கி நின்றாள். அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, கன்னத்துச் சதையைத் தடவிப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பொய்க் கண்ணீர் இல்லை. அவளைவிட அந்த வீட்டில் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை.

"நான் சொல்லலை? நான் சொன்னேனா இல்லையா? எல்லாரும் என்னைத் திட்டினீங்களே! அன்னைக்குக் கரண்டி கரண்டியாப் போட்டேன் பாரு, அதுதான்டா இப்ப வேலை செய்யுது. உடம்பு பழகிடுச்சு!" அவள் கொக்கின் மனைவி பக்கம் திரும்பினாள். "இனிமே பயமில்லை. கொஞ்சம் கொஞ்சமா மறுபடி ஆரம்பிக்கலாம்."

கொக்கு அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டான். கோபம் வரவில்லை. வந்தது பயம். பெற்ற தாய்க்கு அடுத்தபடி தன்னைத் தூக்கி வளர்த்தவள் முகத்தைப் பார்த்து வந்த பயம். இடுப்பில் சாவி இருக்கிறதா என்று கை தானாகப் போய்த் தொட்டுப் பார்த்தது. அவளிடம் இனி என்ன சொல்லியும் பயனில்லை என்று புரிந்தது. மனைவியைப் பார்த்தான். அவள் இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. "அண்ணி, போதும்" என்றாள். அது கொஞ்சம் லேட்டு.

அவன் அறைக்குள் போய் பால்கனி அடுப்பைப் பற்ற வைத்தான். மனைவி பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள்.

"நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணும்ல? நான் எழுப்பி விடட்டுமா?"

"கிளம்புறது பிரச்சினை இல்ல. கிரேன்ல கண்ணை மூடிட்டு ஏறிடுவேன்" என்றான் கொக்கு. "சாயங்காலம் இங்க திரும்பி வர்றதுக்குத்தான் பயமா இருக்கு."